உஷார்! படி இறங்கினால் லைசென்ஸ் வேண்டும்

ஊரிலிருந்து அப்பா, அம்மா, மாமனார், மாமியார் யாராவது வந்திருக்கிறார்களா? வரும் சனி, ஞாயிறில் அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகப் போகிறீர்களா? காரின் பின்பக்கம் ஒரு தூண்டில், ஒரு ஐஸ் பெட்டி, பிள்ளைகளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி ஏற்றியாகிவிட்டதா? கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கலிபோர்னியாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். திருட்டு மீன் பிடிப்பவர்களுக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். மாட்டிக்கொள்வது, ஒரு நாள் பொழுதைப் போக்க வாளியும் கையுமாகப் போகிற நம்மைப் போன்றவர்கள்தான்.

போன டிசம்பரில் என் மாமனார் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர். சின்ன வயதில் தங்கூசி நரம்பைக் கையிலேயே சுற்றிக்கொண்டு மீன் பிடித்து வளர்ந்தவர். இரண்டு வாரமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து வாடிப்போயிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அவரையும் என் மகனையும் ஏற்றிக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருக்கும் பசிபிகா கடற்பாலத்துக்குப் போனேன். கலிபோர்னியாவில் கடலுக்குள் நீளும் பொதுப் பாலங்களில் மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. அது எனக்குத் தெரியும். சட்டத்தில் அந்தப் பாதி மட்டும்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சின்ன இரைக்கூட்டைச் சுற்றிச் சுருக்குக் கண்ணிகள் கட்டித் தூண்டிலில் மாட்டி எறிந்தால், இரை தின்ன வரும் நண்டின் கால் சுருக்கில் விழும். பதினொரு மணிக்குள் ஐந்து நண்டு வந்துவிட்டது. மாமா ஊரில் பேசுவதுபோல வாய் ஓயாமல் பேச ஆரம்பித்துவிட்டார். பாலத்துக்குக் கீழே மணலில் நாலைந்து பேர் நின்றுகொண்டு அலைக்குள் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, இங்க நண்டுதான். மீனு பூரா அங்கதான் கெடக்கு. எறங்கி ஒரு வீச்சு வீசிட்டு வந்துருதேன்" என்றார்.

"சரி மாமா, பார்த்து இறங்குங்க" என்றேன். நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அது.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எட்டிப் பார்த்தால், மாமாவுக்குப் பக்கத்தில் சீருடையும் இடுப்பில் துப்பாக்கியுமாக மாநில மீன், வனவிலங்குத் துறையின் பெண் அதிகாரி, அதாவது வார்டன், ஒருவர் நிற்கிறார். மகனை இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன். "இன்னும் ஒண்ணுகூடப் புடிக்கல மாப்ள, சும்மா வீசித்தான் பாத்தேன்னு சொல்லுங்க" என்று மாமா என்னைப் பார்த்துக் கெஞ்சும் குரலில் சொன்னார். அதையே நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். பயனில்லை. கலிபோர்னியாவின் மீன், வேட்டைச் சட்டத்தில் 'பிடிப்பது' என்ற சொல்லுக்குள், பிடிக்க முயல்வதும் அடக்கம். மீன் மாட்டியதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. இரையோடு தூண்டில் தண்ணீரில் விழுந்த நொடியிலேயே லைசென்ஸ் கையில் இருந்திருக்க வேண்டும்.

பாலத்தின் மேல் நிற்கும்வரை தேவையில்லை. படி இறங்கி மணலில் நின்று வீசினால் தேவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிட நடைகூட இல்லை.

அதோடு முடியவில்லை. அந்த வார்டன் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் பாலத்தின் மேலேயே ஐந்து நண்டையும் டேப் வைத்து அளந்திருந்தேன். டஞ்சனெஸ் நண்டு குறைந்தது ஐந்தே முக்கால் அங்குலம் இருக்க வேண்டும், ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து வரை எடுக்கலாம் என்பதெல்லாம் தெரியும். ஐந்துமே அளவுக்கு மேல்தான் என்று நிச்சயமாக நம்பியிருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்தார். நண்டின் ஓட்டில் இரு பக்கமும் கூராக ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். நான் அந்த முள்ளின் நுனியிலிருந்து நுனிக்கு அளந்திருக்கிறேன். முள்ளைச் சேர்க்கவே கூடாது. முள்ளுக்குச் சற்று முன்னால், ஓட்டின் விளிம்பிலிருந்து விளிம்புக்குத்தான் அளக்க வேண்டும். அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கு நடுவே நாலு நண்டு நுழையவில்லை. ஐந்தாவது நண்டு நுழைந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. உயிரோடிருந்த அதைக் கடலில் விடச் சொன்னார். என் பெயரில் ஒரு குற்றச்சீட்டு, மாமா பெயரில் ஒரு குற்றச்சீட்டு.

மாமா பெயரில் இருந்த நீதிமன்றத் தேதியைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. அவர் ஊர் திரும்பும் விமானத்துக்குப் பதினைந்து நாள் கழித்து வரும் தேதி.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். வார்டன் நீட்டும் சீட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. குறிப்பிட்ட தேதிக்குள் வந்து பதில் சொல்கிறேன் என்று உறுதி கொடுப்பது மட்டும்தான். போட மறுத்தால் கைது வரை போகும். கையெழுத்துப் போட்டுவிட்டு நீதிமன்றத்தைக் கண்டுகொள்ளாமல் விமானம் ஏறினால், வராமல் போனதே இன்னொரு குற்றம். அடுத்த முறை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதோ, விமான நிலையத்தில் இறங்கும்போதோ அது எதிரில் வந்து நிற்கும். நாங்கள் முன்கூட்டியே நீதிமன்றத்தை அணுகி, பணத்தைக் கட்டி, வழக்கு முடிந்ததற்கான தாளை வாங்கி மாமா கையில் கொடுத்துத்தான் அனுப்பினோம். வழக்கு முடியும்வரை அவர் சரியாகத் தூங்கவில்லை. எழுபதை நெருங்கும் மனிதர், வாழ்நாளில் போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதிக்காதவர், "கடலுக்கு எதுக்கு மாப்ள சீட்டு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

லைசென்ஸ் இல்லாமல் பிடித்தால் முதல் தடவைக்குக் குறைந்தது 100 டாலர், அதிகபட்சம் 1,000 டாலர் என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கும் தொகை. அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கலிபோர்னியாவில் அடிப்படை அபராதத்தின் மேல் மாநிலக் கட்டணம், மாவட்டக் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நூறு டாலர் நானூறைத் தாண்டிவிடும். ஒரு நாள் லைசென்ஸின் விலையோ ஏறக்குறைய இருபது டாலர்தான். அதுவும் சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் இங்கேயே குடியிருப்பவருக்கும் ஒரே விலை.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பதிவு போகாது. பச்சை அட்டைக்கான ஐ-485 படிவத்திலும் குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும், நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. எந்தச் சட்ட அதிகாரியாவது உங்களுக்குக் குற்றச்சீட்டுக் கொடுத்தாரா என்றும் கேட்கிறார்கள். மீன் சீட்டு ஒன்றினால் மட்டும் யாருக்கும் பச்சை அட்டை நின்றுவிடாது. ஆனால் "அது ஒரு நண்டு விஷயம்தானே" என்று நினைத்து, கேட்ட இடத்தில் "இல்லை" என்று எழுதினால் அது பொய்த் தகவல் ஆகிவிடும். அதன் விலை வேறு. சீட்டு வாங்கியிருந்தால் அதன் நகலையும் வழக்கு முடிந்த தாளையும் பத்திரமாக வையுங்கள். படிவம் நிரப்பும்போது வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. வார்டனிடம் ஒருபோதும் பர்ஸை எடுக்காதீர்கள். "இங்கேயே கட்டிவிடுகிறோம்" என்று ஊர்ப் பழக்கத்தில் பெரியவர்கள் டாலர் நோட்டை நீட்டினால், அது லஞ்சம் கொடுக்க முயன்ற கதையாகிவிடும். "தூண்டில் என்னுடையது இல்லை, பக்கத்தில் இருந்தவர் பிடிக்கச் சொன்னார்" என்பதும் வேண்டாம். அவர்கள் பக்கத்தில் வந்து நிற்பதற்கு முன்பே வெகு நேரம் தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது வெறும் பேச்சில்லை. சான் டியேகோவின் ஓஷன் பீச் பாலத்தில் ஒருவர் ஏதோ பிடித்துப் பையில் போட்டதைத் தூரத்திலிருந்து பார்த்த வார்டன், அவர் காரில் கிளம்பிய பிறகு வழிமறித்துச் சோதித்தார். பிடிக்கக் கூடாத காலத்தில் பிடித்த கல் இறால் ஒன்று கிடைத்தது. காரை நிறுத்தியது செல்லுமா என்ற கேள்வி மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. செல்லும் என்று 2011-ல் தீர்ப்பாகிவிட்டது. சற்று முன் மீன் பிடித்தவர் என்று தெரிந்தால் போதும். குற்றம் செய்ததாகச் சந்தேகம்கூட வேண்டியதில்லை, நிறுத்தி, பிடித்ததைக் காட்டச் சொல்லலாம். ஆகவே காரில் ஏறிவிட்டோம், இனி யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள்.

இப்போது பிள்ளைகளின் வாளிக்கு வருகிறேன். பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைக் கேட்டதும் பல பெற்றோர் செய்யும் தப்பு, பிள்ளைகளுக்கு எந்தச் சட்டமும் இல்லை என்று நினைத்துவிடுவது. அளவு, எண்ணிக்கை, தடைக்காலம் எல்லாமே அவர்களுக்கும் உண்டு. 2023-ல் பிஸ்மோ பீச்சில் ஒரு தாயின் பிள்ளைகள், கிளிஞ்சல் பொறுக்குகிறோம் என்று நினைத்து மணலிலிருந்து 72 மட்டிகளை எடுத்துவிட்டார்கள். பிஸ்மோ மட்டிக்கு அங்கே நாலரை அங்குலம் இருந்தாக வேண்டும். அந்தத் தாய்க்கு வந்த அபராதம் 88,993 டாலர். எண்பத்தெட்டாயிரம்! அவர் நீதிபதி முன் நின்று, பிள்ளைகள் அறியாமல் செய்ததை விளக்கிய பிறகு அது 500 டாலராகக் குறைக்கப்பட்டது. அதுவரை அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஒற்றை ஓடாக, காலியாகக் கிடந்தால் அது கிளிஞ்சல். இரண்டு ஓடும் சேர்ந்து இறுக மூடியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. எடுத்த குழியிலேயே போட்டு மணலை மூடு. ஓடு காலியாக இருந்தாலும் எல்லாக் கரையிலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. கலிபோர்னியா கடலோரத்தில் 124 பாதுகாப்பு மண்டலங்கள் இருக்கின்றன. சிலவற்றில் சில மீன்களை மட்டும் பிடிக்கலாம், சிலவற்றில் எதையுமே தொடக் கூடாது. பசிபிகாவிலிருந்து காரில் கொஞ்ச நேரம் தெற்கே போனால் மாஸ் பீச்சில் பாறைக் குட்டைகளைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போவோமே, அது முழுத் தடை மண்டலம். கண்ணால் பார்க்கலாம், நண்டுக்குஞ்சு, நத்தை, சங்கு, ஓடு, எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஓரிடத்தில் சரியானது, இருபது நிமிடத் தொலைவில் குற்றம்.

விரிகுடாவும் அப்படித்தான். பசிபிகா பாலத்தில் சட்டப்படி எடுத்த அதே டஞ்சனெஸ் நண்டை, கோல்டன் கேட் பாலத்துக்கு உள்ளே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் எடுக்கவே கூடாது. எத்தனை அங்குலம் இருந்தாலும் கூடாது. அது குஞ்சுகள் வளரும் இடம். கிரிஸி ஃபீல்டு ஓரம் இருக்கும் டார்ப்பிடோ வார்ஃப் பாலத்தில் நின்றால், பிடித்த நண்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வீசுகிறவர்களைக் காணலாம். அங்கே எடுக்க அனுமதி உள்ளது பாறை நண்டு. அதற்கு நாலு அங்குலம் போதும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கொடுக்கின் நுனியைப் பாருங்கள். பாறை நண்டுக்கு நுனி மை தொட்டதுபோலக் கறுப்பாக இருக்கும். டஞ்சனெஸுக்கு வெளுப்பு. நிறம் புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பாலத்தில் லைசென்ஸ் வேண்டாம் என்பதிலும் வரம்பு இருக்கிறது. ஒருவர் இரண்டு தூண்டிலோ, நண்டுக்கு இரண்டு வலையோ கூண்டோ, அவ்வளவுதான் இறக்கலாம். துறைமுகத்தின் வெளிப்புற எல்லையாக நிற்கும், கரையோடு சேர்ந்த, மக்கள் தாராளமாகப் போய்வரும் அலைதடுப்புச் சுவருக்கும் அந்தச் சலுகை உண்டு. உள்ளே இருக்கும் கற்சுவர்களுக்கும், இயற்கைப் பாறைக்கும், மணலுக்கும், படகுக்கும் கிடையாது. ஏரி, ஆறு, குளத்தில் இருக்கும் பாலத்துக்கும் கிடையாது. ஃபிரிமான்ட் பக்கம் ஏரியில் மரப்பாலம் பார்த்ததும் "இதுவும் பாலம்தானே" என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். இல்லை.

பெரும்பாலான மீனுக்கு, ஒருவர் கைவசம் ஒரு நாள் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. காலையில் பத்து நண்டு காரில் வைத்துவிட்டு மாலையில் இன்னொரு பத்து எடுப்பது தவறு. மனைவி பெயரில் பத்து, தொட்டில் குழந்தை பெயரில் பத்து என்று ஒருவரே பிடித்துக் கணக்குக் காட்டுவதும் தவறு. அவரவர் பங்கை அவரவர்தான் பிடிக்க வேண்டும்.

ஆண்டு லைசென்ஸ் வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் எந்த மாதம் வாங்கினாலும் டிசம்பர் 31-ல் காலாவதியாகிவிடும். 2023 முதல், வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். அதனால்தான் எந்தத் தேதியில் முடிகிறது என்று பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. போனில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ பக்கத்துக் கடலில், அதாவது பாயின்ட் ஆர்கெல்லோவுக்குத் தெற்கே, ஆண்டு லைசென்ஸோடு கூடுதலாக ஒரு கடல் முத்திரையும் வாங்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் லைசென்ஸுக்கு அது வேண்டாம். கூண்டு வைத்து நண்டு பிடிக்கத் தனி அனுமதி. கல் இறாலுக்குத் தனி அட்டை. பிடித்ததை அதில் அங்கேயே குறிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து அல்ல. எல்லாவற்றையும் மாநில மீன், வனவிலங்குத் துறையின் சொந்த இணையதளத்திலோ, அவர்களிடம் பதிவு செய்த இரைக் கடை, விளையாட்டுப் பொருள் கடையிலோ மட்டும் வாங்குங்கள். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்களில் கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்; அரசுக்குரிய 'டாட் கவ்' என்று முடியும் துறையின் முகவரியிலிருந்தே வாங்கும் பக்கத்துக்குப் போங்கள்.

பழைய நண்பர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். இங்கே சட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, சில சமயம் பருவத்தின் நடுவிலேயே மாறுகிறது. கடல் சால்மன் 2023-லும் 2024-லும் முழுக்க மூடப்பட்டது. அபலோன் என்னும் பெரிய கடல் நத்தையைப் பாறையிலிருந்து பெயர்த்து எடுத்த கதையை இன்றும் சிலர் ஆசையாகச் சொல்வார்கள். 2018-லிருந்து பொழுதுபோக்குக்காக எடுப்பது தடை. ஹாலிபட் மீன் 22 அங்குலம் இருக்க வேண்டும். மாநிலத்தின் வடபகுதியில் ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை 2023-ல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். தெற்கே, நிலவொளியில் கரையேறும் கிரனியன் மீனைக் கையால் அள்ளுவது அழகான அனுபவம்தான். ஆனால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பார்க்க மட்டுமே அனுமதி. மற்ற மாதங்களில் வெறுங்கையால் முப்பது மீன். வலையோ, மணலில் குழியோ கூடாது. வீச்சு வலையை ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்திருக்கும் பெரியவர்கள் அதைப் பெட்டியிலேயே வைக்கட்டும். பாயின்ட் கன்செப்ஷனுக்கு வடக்கே, நெத்திலி போன்ற சில சின்ன மீன்களுக்கு மட்டும்தான் அதற்கு இடம்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டெக்சஸில் ஆண்டு லைசென்ஸ் பொதுவாக ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸே வேண்டாம். வாஷிங்டனில் பதினைந்து வயதிலேயே வேண்டும். நியூ ஜெர்சியில் ஏரிக்கு லைசென்ஸ், கடலுக்குக் கட்டணமில்லாத பதிவு. நம் விரால் மீனின் இனத்தை உயிரோடு அமெரிக்காவுக்குள் கொண்டுவருவது 2002 முதல் மத்திய சட்டப்படியே குற்றம். வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாம் என்ற ஆசையில் யாரும் அதில் கைவைத்துவிடாதீர்கள்.

இதுவரை சொன்னது அபராதம். இனிச் சொல்வது உயிர்.

பாறையில் கொத்துக் கொத்தாகக் கறுநீலமாய் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பார்த்தால் குளச்சல், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. மே 1 முதல் அக்டோபர் 31 வரை கலிபோர்னியா கடற்கரை முழுவதும், தனிமனிதர்கள் சாப்பிடுவதற்காகச் சிப்பி எடுப்பது தடை. சில ஆண்டுகளில் அதற்கு முன்பே தொடங்கிவிடும், பின்னும் நீளும். கடலில் சில நுண்ணுயிர்கள் பெருகும்போது அவற்றைத் தின்னும் சிப்பிக்குள் விஷம் சேர்கிறது. சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தின்றவருக்கு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். பார்வைக்கு, மணத்துக்கு, ருசிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மஞ்சள் போட்டு வேகவைத்தாலும், மிளகு வறுவல் செய்தாலும், மணிக்கணக்கில் கொதிக்கவிட்டாலும் அந்த விஷம் போகாது. 1927-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் சிப்பி தின்று மக்கள் இறந்ததற்குப் பிறகு வந்த தடை இது.

நண்டிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டோமோயிக் அமிலம் என்ற விஷம் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பில்தான் மிகுதியாகச் சேரும். நாம் நண்டு ரசத்துக்கு அதைத்தானே தேடிப் போடுகிறோம்? சுகாதாரத் துறையின் எச்சரிக்கை நடப்பில் இருக்கும் வாரங்களில் அந்தக் கொழுப்பையும் குடலையும் நீக்கி, நன்றாகக் கழுவி, வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். முழு நண்டைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தால் விஷம் நேராகக் கிண்ணத்துக்கு வரும்.

சுறாவைப் பற்றி எழுதத்தான் எனக்கு மனம் பதைக்கிறது. பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாக்கள், பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். விரிகுடாவில் சிறுத்தைச் சுறா கிடைக்கிறது. 36 அங்குலத்துக்கு மேல் மூன்று வரை பிடிக்கச் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் அதே மாநிலத்தின் சுகாதார அறிவுரை வேறு: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பிடித்த சுறாவையும் ஸ்ட்ரைப்டு பாஸையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் குழந்தைகளும் சாப்பிடவே கூடாது. பாதரசமும் பழைய தொழிற்சாலை ரசாயனங்களும் அதன் சதையில் ஏறியிருக்கின்றன. பாதரசம் சிசுவின் மூளையைத்தான் முதலில் தாக்கும். பிடிக்க அனுமதி உண்டு என்பதால் தின்னலாம் என்று ஆகிவிடாது. அம்மா ஆசையாகக் கேட்டாலும், விரிகுடாச் சுறாவை அந்தச் சட்டியில் போட விடாதீர்கள்.

யாராவது கரையில் எடுத்த சிப்பியையோ மட்டியையோ சாப்பிட்டுவிட்டு, உதடும் நாக்கும் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது என்று சொன்னால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். சில நிமிடங்களிலும் தொடங்கும், சில மணி நேரம் கழித்தும் தொடங்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சு நிற்காமல் தாங்கிப் பிடிக்க மருத்துவமனையால் மட்டுமே முடியும். உடனே 911-ஐ அழையுங்கள். சட்டியில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடாமல் ஒரு பையில் கட்டி, கூடவே எடுத்துப் போங்கள். எந்தக் கரையில் எடுத்தது என்று சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாமல் எடுத்தோமே, கேட்பார்களோ என்ற பயத்தில் அதை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.